புதுப்பிப்பு: மூங்கில் துண்டுகள் கடைசியில் வேர் பிடித்தன

மஞ்சள் மூங்கில் துண்டுகள் தளிர்விட்டும் ஏன் கருகுகின்றன என்று சென்ற ஆண்டு இங்கே கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

மூன்று பருவங்களில், ஒவ்வொரு முறையும் இருபது துண்டுகள் வைத்தேன். எல்லாம் ஓராண்டு கடந்த கழிகள், துண்டுக்கு இரண்டு கணுக்கள். வேர்விடத் தூண்டும் மருந்தாக, லிட்டர் தண்ணீருக்கு 200 மில்லிகிராம் இண்டோல் பியூட்ரிக் அமிலம். அது நேராகத் தண்ணீரில் கரையாது; முதலில் சிறிது ஆல்கஹாலில் கரைத்துக்கொண்டேன்.

குளிர்காலத்தில் வைத்தவற்றில் ஒன்றுகூட வேர்விடவில்லை. மழை ஓயும் தறுவாயில் வைத்தவற்றில் நான்கு. கோடையின் தொடக்கத்தில், கணு மொட்டுகள் விழிக்கும் நேரத்தில் வைத்தவற்றில் பதின்மூன்று! ஆக, மருந்தைவிடப் பருவமே பெரிது என்று ஒருவர் அடித்துச் சொன்னது முற்றிலும் சரி.

இன்னொருவர் சொன்ன முறையும் கைகொடுத்தது: இரு கணுக்களுக்கு நடுவே துளையிட்டு, உட்குழிவில் கரைசலை ஊற்றி, மெழுகால் அடைத்து, துளை மேலே இருக்கும்படி படுக்கைவாட்டில் புதைப்பது. கோடைத் துண்டுகளைப் பாதிப் பாதியாகப் பிரித்தேன். அடிநுனியை மட்டும் நனைத்த பத்தில் நான்கும், துளை முறையில் பத்தில் ஒன்பதும் பிழைத்தன.

எதிர்பாராதது ஒன்று. தளிர் வந்ததுமே வெற்றி என்று நம்பியிருந்தேன். அது கழியில் சேர்ந்திருந்த உணவால் வந்த தளிர். வேர் பல வாரங்கள் கழித்தே வந்தது. அந்த இடைவெளியில் நிழலும் ஈரமும் குறைந்ததால்தான் முன்பு கருகின. இடையில் தோண்டிப் பார்க்காதீர்கள்; நான் இரண்டை அப்படித்தான் இழந்தேன்.

கெட்டித் தண்டுள்ள கல் மூங்கிலுக்குத் துளை முறை பொருந்தவில்லை, ஊற்ற உள்ளே இடமே இல்லை.