ஊர் வாட்ஸ்அப் குழுவில் விளம்பரம்: எதை விடலாம், எதைத் தடுக்கணும்?

வாடைக்கரை (கேள்வி)

வணக்கம். மண்டபத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில் ஒரு கரையோர ஊர். எங்க ஊர்க் குழுவில் இப்போ 740 பேர். மூணு விஷயத்துக்காகத் தொடங்கினது: வானிலை எச்சரிக்கை, மீன்துறை டோக்கன் (கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு) அறிவிப்பு, துக்கச் செய்தி. இப்போ பாதிக்கு மேல விளம்பரம்தான். பாம்பன்ல புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்தின செய்தியைக் காலை 6 மணிக்குப் போட்டா, 8 மணிக்குள்ள அதுக்குக் கீழ கருவாடு, பழைய இன்ஜின், பிளாட், சவுதி வேலை, கோழிக்குஞ்சுன்னு அறுபது எழுபது செய்தி விழுந்துடுது. வலை ஏத்துற அவசரத்துல போனைத் திறக்கிறவங்க கண்ணுல கடைசிப் பத்துதான் படும். கூண்டுச் செய்தி மேலேயே புதைஞ்சு போகுது.

விளம்பரத்தை அடியோட நிறுத்தணும்னு ஒரு சாரார். கருவாடு வித்துப் பிழைக்கிற பொம்பளைங்களுக்கு இதுதான் சந்தை, அதை எப்படி நிறுத்துவேன்னு இன்னொரு சாரார். ரெண்டு பேர் சொல்றதும் நியாயமாப் படுது. நடத்திக் காட்டக்கூடிய விதியா என்ன வைக்கலாம்? எந்த விளம்பரத்தைக் கேள்வி கேட்காம எடுத்துடணும்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கச்சான்

நிறுத்த வேண்டாம் தம்பி, பிரிச்சு வைங்க. ஒரே குழுவுக்குள்ள 'விளம்பரம் காலையில மட்டும்', 'ஞாயிறு மட்டும்'னு நேரம் வைக்கிறது நிக்காது. மீன் விக்கிறவனுக்கு மடி வலை வந்த நேரம்தான் நேரம். ஞாயிறு வரைக்கும் நண்டு காத்திருக்காது.

வாட்ஸ்அப்ல 'கம்யூனிட்டி' ஒண்ணு தொடங்கி இப்போ இருக்கிற குழுவை அதுல சேருங்க. சேர்த்ததும் 'அறிவிப்பு'ன்னு ஒரு குழு தானா உருவாகும். 740 பேரும் அதுக்குள்ள வந்துடுவாங்க. அதுல அட்மின் மட்டும்தான் எழுத முடியும். வானிலை, டோக்கன், துக்கம் மூணும் இனி அங்க. பழைய குழு பேச்சுக்கு. 'ஊர்ச் சந்தை'ன்னு மூணாவதா ஒண்ணு தொடங்கி விளம்பரம் முழுக்க அங்க. வேண்டாதவங்க சந்தையில சேர வேண்டாம், சேர்ந்தவங்க சத்தத்தை அணைச்சு வச்சுக்கலாம்.

சந்தைக் குழுவுல 'மறையும் செய்தி'யை 7 நாளைக்கு வைங்க. வித்துப் போன இன்ஜினுக்கு மூணு மாசம் கழிச்சும் போன் வர்றது இதனாலதான் நிக்கும். ஒரு குறை உண்டு: ஏமாத்துப் புகார் வந்தா அந்த விளம்பரமே இருக்காது. பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி விளம்பரத்தைப் படம் எடுத்து வச்சுக்கணும்னு விதியிலயே எழுதிடுங்க.

எச்சரிக்கை போடுறதுக்கும் ஒரு ஒழுங்கு வேணும். கூண்டு எண், எந்தத் துறைமுகம், தேதி, மணி, நாலும் முதல் வரியிலேயே வரணும். 'பாம்பன், 3-ஆம் எண், நவம்பர் 26, காலை 5.40' அப்படி. தேதி இல்லாத புயல் செய்தி வருஷா வருஷம் சுத்தி வரும். பழசை நம்பி ஒரு நாள் கடலை விட்டவன், அடுத்த தடவை உண்மையானதையும் நம்ப மாட்டான். எண்ணோட அர்த்தத்தையும் சேர்த்துப் போடுங்க. 1 என்றால் தூரக் கடல்ல புயல் சின்னம் உருவாகியிருக்கு. 3 என்றால் துறைமுகத்துலயே பலத்த காத்து வரலாம். போட்டதும் அதை 'பின்' (pin) பண்ணி 24 மணி நேரம் மேல நிறுத்துங்க. ஒரே நேரத்துல மூணு செய்திதான் பின் பண்ண முடியும், அதுல ஒரு இடத்தை எப்பவும் வானிலைக்குன்னு ஒதுக்கி வைங்க. புயல் நாள்ல பேச்சுக் குழுவையும் 'அட்மின் மட்டும்' ஆக்கிடலாம், கூண்டு இறங்கினதும் திறந்து விடுங்க.

சேதுமேடு

கச்சான் அண்ணன் சொன்ன பிரிவு சரி. ஆனா சந்தைக் குழு நாறிப்போறது எண்ணிக்கையால இல்ல. 'விலைக்கு உள்ளது, போன் பண்ணவும்'னு ஒரு வரி போட்டுட்டுப் போறதாலதான். விலை என்ன, ஊர் எதுன்னு நாப்பது பேர் கேப்பாங்க. அந்த நாப்பதும் குப்பை. ஒரு விளம்பரத்துல அஞ்சு விஷயம் கட்டாயம்னு வைங்க: பொருள், அளவு, விலை, இருக்கிற இடம், விக்கிறவர் பேர். 'விலை பேசித் தீர்க்கலாம்'னு சேர்த்துக்கலாம், ஆனா ஒரு எண் இருக்கணும்.

பழைய இன்ஜினுக்கு மட்டும் இது போதாது. எத்தனை எச்பி, எந்த வருஷம், கடைசியா என்ன மாத்தினாங்க, இதோட இன்ஜின்ல அடிச்சிருக்கிற வரிசை எண் தெரியிற மாதிரி ஒரு படம். அந்த எண் தகட்டைப் படம் எடுக்கத் தயங்குறவங்ககிட்ட வாங்கவே கூடாது. கரையில இருந்து கழட்டிட்டுப் போன இன்ஜின் நாலு ஊர் தள்ளி இப்படித்தான் விலைக்கு வரும். படகுன்னா பதிவு எண் எழுதணும். பதிவுப் புத்தகம் யார் பேர்ல இருக்குன்னும் சொல்லணும். வலைக்குக் கண்ணி அளவு, நூல் எண், எத்தனை கிலோ, எத்தனை பருவம் ஓடினது. 'நல்ல வலை'ன்னா ஒண்ணும் விளங்காது.

ஒருத்தருக்கு வாரம் ரெண்டு விளம்பரம் போதும். மீன்பிடித் தடைக்காலத்துல மட்டும் தளர்த்துங்க. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில நிக்கும்போதுதான் மராமத்தும் வலை, பலகை, இன்ஜின் கைமாறுறதும் நடக்கும். அப்போ ரெண்டுன்னு பிடிச்சு வச்சா ஜனம் பேச்சுக் குழுவுல போய்ப் போடும்.

முண்டுமிளகாய்

அண்ணன்மார் ரெண்டு பேரும் எழுதுறவங்களையே மனசுல வச்சுப் பேசுறீங்க. கருவாடு, ஓலைப்பெட்டி, கருப்பட்டி, மிளகாய் விக்கிற பெண்கள்ல பலருக்கு அஞ்சு வரி தட்டச்சு பண்றது பெரிய பாடு. விதி கடுமையானா முதல்ல நின்னு போறது அவங்க விளம்பரம்தான். பிளாட் தரகருக்கு எழுத ஆள் இருக்கு. அதனால குரல் பதிவை அனுமதிங்க. சேதுமேடு அண்ணன் சொன்ன அதே அஞ்சையும் அரை நிமிஷத்துல வாயால சொல்லி, கூட ஒரு படம். அது போதும்.

கருவாட்டுக்கு எதைச் சொல்லணும்னா: மீன் பேர், உப்புப் போட்டதா போடாததா, மணல்லயா பாய்லயா வலைத்தட்டுலயா காய வச்சது, எத்தனை வெயில் கண்டது, கிலோ என்ன விலை. மாதிரிக்கு ஒண்ணு:

'நெத்திலிக் கருவாடு, உப்பில்லாதது. வலைத்தட்டில் ரெண்டு வெயில். மொத்தம் 12 கிலோ, கிலோ 400 ரூபாய், அரைக் கிலோவும் தருவோம். வேதாளை பஸ் ஸ்டாப் பக்கம், மாலை 4 மணிக்கு மேல்.'

வெயில் கணக்கு ஏன் முக்கியம்னா, அரைகுறையாக் காஞ்சதுல தண்ணி எடையும் சேர்ந்து வரும். கிலோ விலை குறைச்சலாத் தெரியும், நாலைஞ்சு நாள்ல பூஞ்சை பிடிக்கும். வாங்குறவங்க ஒரு கை அள்ளிப் பிடிச்சு விட்டுப் பாருங்க. உதிர்ந்து விழுந்தா காஞ்சது, உருண்டையா ஒட்டி நின்னா ஈரம். ஒண்ணை மடக்கினா ஒடியணும், வளையக் கூடாது. மணல்ல காய வச்சதை அப்படியே சொல்லி விலை குறைச்சு விக்கிறதுல தப்பே இல்ல, மறைக்கிறதுதான் தப்பு.

பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டி விக்கிறவங்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் 14 இலக்கம் இருக்கும். லேபிள் படத்துல அது தெரியணும்னு வைங்க.

சோழகம்

எதைக் கேள்வி இல்லாம எடுக்கணும்னு கேட்டீங்களே, அதுக்கு வர்றேன். நம்ம கரைக்கு முதல் ஆபத்து வெளிநாட்டு வேலை விளம்பரம். மீன்பிடி வேலைக்கு பஹ்ரைன், சவுதி, ஈரான்னு ஆள் எடுக்கிற செய்தி வந்தா, அதுல ஆளெடுப்பு முகவரோட பதிவு எண் இருக்கா பாருங்க. 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு இல்லாதவர் ஆள் எடுக்கவே கூடாது. பதிவு பெற்றவங்க பட்டியல் மத்திய அரசோட இமைக்ரேட் தளத்துல இருக்கு, அட்மினே ரெண்டு நிமிஷத்துல பாத்துடலாம். பதிவு பெற்றவரும் ஆள்கிட்ட வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், மேல ஜிஎஸ்டி, ரசீதோட. 'ஒன்றரை லட்சம், விசா உறுதி'ன்னு வந்தா விசாரிக்கவே வேண்டாம், எடுத்துடுங்க. 'விசிட் விசாவுல போய் மாத்திக்கலாம்'னு வந்தாலும் அப்படித்தான். 'சப்-ஏஜென்ட்'னு சொல்லிக்கிறவங்களுக்குச் சட்டத்துல இடமே கிடையாது. கடல் வேலைன்னா இன்னும் ரெண்டு கேள்வி: மாசச் சம்பளமா, மீன்ல பங்கா? பங்குன்னா எந்தச் செலவு கழிச்சு? இது ரெண்டும் எழுத்துல இல்லாம போனவங்கதான் அங்க மாட்டிக்கிட்டுத் தவிக்கிறாங்க.

அடுத்தது கடல் உயிர். கடல் அட்டை, கடல் குதிரை, பவளக்கல், ஆமை எதுக்கும் இடம் கொடுக்காதீங்க. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல வர்றது எல்லாம். கடல் அட்டைக்கு 2001-லேயே தடை வந்தாச்சு. மீன்தொட்டிக்கு அழகுக்கல்னு போடுறது பல நேரம் பவளம்தான். மன்னார் வளைகுடாவோட 21 தீவும் தேசியப் பூங்காவுக்குள்ள இருக்கிறப்போ, 'தெரியாமப் போட்டுட்டேன்'னு இந்தக் கரையில ஒருத்தரும் சொல்ல முடியாது.

நிலம். மனைப் பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல இருந்தா ரெரா (மனை, வீடு விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இல்லாம விளம்பரமே செய்யக் கூடாது. தனி மனைன்னா சர்வே எண், பட்டா யார் பேர்ல. கடலைப் பாத்த மனைன்னு போட்டா, உயர் அலைக் கோட்டுல இருந்து எத்தனை மீட்டர்னு கேளுங்க. 500 மீட்டருக்குள்ள கடலோர ஒழுங்குமுறை விதி வரும், வீடு கட்ட நினைச்சு வாங்கினவருக்கு அனுமதியே கிடைக்காமப் போகலாம்.

சர்க்கரை நோயை அடியோட தீர்க்கும் மருந்துன்னு விளம்பரம் பண்றது 1954 சட்டப்படியே தடை. பணம் வச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டத்துக்கு விளம்பரம் பண்றது 2025 மத்தியச் சட்டப்படி குற்றம். உடனடிக் கடன் செயலி இணைப்பையும் இதோட சேர்த்துக்குங்க.

வாடைக்கரை

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு சந்தேகம் பாக்கி. விளம்பரத்துக்கு 50 ரூபாய் வாங்கி ஊர்ப் பொதுக்காரியத்துக்கு வைக்கலாம்னு பெரியவங்க சொல்றாங்க, சரிப்படுமா? உறுப்பினர் யாராவது தப்பான விளம்பரம் போட்டா அட்மின் மேல கேஸ் வருமா?

கச்சான்

காசு வாங்காதீங்க. காசு வாங்கின விளம்பரம் ஏமாத்தாப் போனா ஜனம் விக்கிறவரைத் தேடாது, 'நீதானே வாங்கிப் போட்டே'ன்னு உங்க வாசலுக்குத்தான் வரும். அதோட 50 ரூபாய் தரகருக்கு ஒண்ணும் இல்ல, அரைக் கிலோ கருவாடு விக்கிறவங்களுக்குப் பெருசு.

சோழகம்

உறுப்பினர் போட்டதுக்கு, அட்மினா இருக்கிறார்ங்கிற ஒரே காரணத்துக்காக அவரைக் குற்றவாளி ஆக்க முடியாதுங்கிற போக்குல உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கு. 2021 டிசம்பர்ல மதுரைக் கிளையும் அப்படித்தான் சொன்னது. ஆனா அட்மினே அதை வேற குழுவுக்கு அனுப்பினாலோ, போட்டவரோட சேர்ந்து திட்டமிட்டாலோ கதை வேற. தப்புன்னு பட்டதும் 'எல்லாருக்கும் நீக்கு' அழுத்துங்க. ஏமாத்து விளம்பரம்னா நீக்கும் முன்னாடி அனுப்பினவர் எண், நேரம் தெரியிற மாதிரி படம் எடுத்து வைங்க. பணம் போயிருந்தா காலம் கடத்தாம 1930-க்கு (சைபர் குற்ற உதவி எண்) அடிக்கச் சொல்லுங்க. எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறாங்களோ, அந்தப் பணத்தை வழியில முடக்க அவ்வளவு வாய்ப்பு.

வாடைக்கரை

வரைவு இது. திருத்தம் சொல்லுங்க.

'அறிவிப்புக் குழுவில் வானிலை, டோக்கன், துக்கம் மட்டும். விளம்பரம் சந்தைக் குழுவில் மட்டும்; எழுத்திலோ குரலிலோ பொருள், அளவு, விலை, இடம், பேர் ஐந்தும் இருக்க வேண்டும். ஒருவருக்கு வாரம் 2, தடைக்காலத்தில் 4. கட்டணம் இல்லை. இன்ஜினுக்கு வரிசை எண் படம், படகுக்குப் பதிவு எண், வெளிநாட்டு வேலைக்கு முகவர் பதிவு எண், மனைப் பிரிவுக்கு ரெரா எண். கடல் அட்டை, பவளம், சூதாட்டம், கடன் செயலி, நோய் தீர்க்கும் மருந்து, கட்சி விளம்பரம் நீக்கப்படும். முதல் முறை தனியாகச் சொல்லப்படும், இரண்டாம் முறை 15 நாள் வெளியே. விற்றதும் "விற்றாச்சு" என்று போடவும்.'

முண்டுமிளகாய்

நல்லா இருக்கு அண்ணே. ரெண்டு சேருங்க. அட்மின் வீட்டு விளம்பரத்துக்கும் இதே விதின்னு முதல் வரியிலயே எழுதுங்க. இல்லன்னா மத்த வரியை யாரும் படிக்க மாட்டாங்க. அடுத்தது, பணம் வாங்கிக்க யுபிஐ ரகசிய பின் எண் அடிக்கத் தேவையே இல்லன்னு தனியா ஒரு வரி. கருவாடு கேட்டு வெளியூர்ல இருந்து போன் வரும், 'முன்பணம் அனுப்புறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் அடிங்க'ன்னு. அடிச்சா காசு வராது, இருக்கிறது போயிடும். இதை எழுத்துல போட்டதோட விடாம, ஒருத்தர் குரல்ல பேசி அதையும் பின் பண்ணி வைங்க.