நண்பன் அழைக்கும்போது மறுப்பதற்கு

நான் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை ஒன்றிய அரசு 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றித் தடை செய்த பின்னும், வெளிநாட்டிலிருந்து இயங்கும் பந்தயச் செயலிகளின் இணைப்புகள் டெலிகிராம் குழுக்கள் வழியாகப் பிள்ளைகளின் கைபேசிக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஐ.பி.எல். நடந்துகொண்டிருந்தபோது, பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்து, "அந்த குரூப்ல சொன்ன அஞ்சு மேட்சும் அப்படியே நடந்துச்சு சார்" என்றான். மறுநாள் வகுப்பில் 32 பேருக்குத் துண்டுச்சீட்டு கொடுத்தேன். பாதிச் சீட்டுகளில் 'பூ', மீதியில் 'தலை'. நாணயத்தைச் சுண்டி, சீட்டு பொய்த்தவர்களை உட்காரச் சொன்னேன். நின்றவர்களுக்கு மறுபடியும் பாதிக்குப் பாதி சீட்டு. ஐந்தாம் முறை சுண்டி முடித்தபோது ஒரே ஒரு மாணவி நின்றிருந்தாள். அவளுக்குக் கிடைத்த ஐந்து சீட்டுகளும் பலித்திருந்தன. டெலிகிராமிலும் இப்படிப் பாதிப் பேருக்கு ஒரு கணிப்பும் மீதிப் பேருக்கு எதிர்க் கணிப்பும் அனுப்பியிருந்தால், தன் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்துவிட்ட 31 பேர் இருந்திருக்கக்கூடும் என்பது அந்த மாணவனுக்கு அப்போது விளங்கியது.

ஆனால் கணக்கு விளங்கினால் மட்டும் போதாது, ஏனெனில் அவனைக் குழுவில் சேர்த்தவன் அவனுடைய உயிர் நண்பன். தன் குறியீட்டைப் போட்டு ஒருவர் சேர்ந்தால் சேர்த்துவிட்டவனுக்குப் போனஸ் கிடைக்கும். விட்ட பணத்தை எடுக்கவே அவனும் ஆள் தேடுகிறான். இதை அறிந்தவனால் நண்பனைப் பகைக்காமலே மறுக்க முடிகிறது. 'சூதாட்டம் தவறு' என்று நண்பர்கள் நடுவில் சொல்ல எந்தப் பையனும் கூச்சப்படுவான். அதற்குப் பதிலாக மாணவர்களே கண்டுபிடித்த பதில் நன்றாக இருந்தது: "யுபிஐ அப்பா நம்பர்லடா, மெசேஜ் அவருக்குத்தான் போகும்."

இதைவிட எனக்கு அச்சம் தருவது, "பணமே கட்ட வேண்டாம், உன் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் கொடு, கமிஷன் தருகிறோம்" என்னும் அழைப்பு. பந்தயப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போனால், கணக்கு முடக்கப்படுவதோடு காவல்துறையின் விசாரணையும் கணக்கு வைத்திருப்பவனைத் தேடியே வரும். கல்வி உதவித்தொகை வருவதும் பெரும்பாலும் அதே கணக்கில்தான்.

அந்த மாணவன் குழுவிலிருந்து விலகிவிட்டான். அவனுடைய நண்பனோ, இழந்ததை வீட்டில் சொன்னால் அடி விழும் என்று அஞ்சுகிறான். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவன் சம்மதித்த பிறகு, அவனையும் உடன் வைத்துக்கொண்டு அவன் அம்மாவிடம் நானே பேசப் போகிறேன்.