லினக்ஸில் யூஎஸ்பி கால் பெடல்: கணினிக்குத் தெரிகிறது, மிதித்தால் எதுவும் நடக்கவில்லை

கேள்வி

ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வதற்காக மூன்று மிதிகள் கொண்ட யூஎஸ்பி பெடல் ஒன்றை வாங்கினேன். விண்டோஸுக்கு மட்டுமே மென்பொருள் தந்திருக்கிறார்கள். லினக்ஸில், செருகிய யூஎஸ்பி சாதனங்களைக் காட்டும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை அதைப் பட்டியலிடுகிறது. ஆனால் உள்ளீட்டுச் சாதனங்களைச் சோதிக்கும் ஈவிடெஸ்ட் காட்டும் சாதனங்களில் அது இல்லை. கெர்னலின் (லினக்ஸின் உட்கருவின்) செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜியில், விசைப்பலகைக்குரிய வரியில் 'இன்புட், ஹிட்ரா0' என்று வருகிறது. பெடலுக்குரிய வரியிலோ 'ஹிட்ரா3' மட்டுமே இருக்கிறது. இதற்கெனத் தனி டிரைவர் எழுத வேண்டியிருக்குமா?

பதில் 1

எல்எஸ்யூஎஸ்பியை விரிவான வெளியீட்டுடன் இயக்கி, இன்டர்ஃபேஸ் கிளாஸ் 3 என்கிறதா, 255 என்கிறதா என்று முதலில் பாருங்கள். 3 என்றால் அது ஹெச்ஐடி (விசைப்பலகை, மவுஸ் போன்று மனிதர் இயக்கும்) சாதனம், பெரும்பாலும் டிரைவர் தேவைப்படாது. 255 என்பது தயாரிப்பாளரின் சொந்த வகை. கெர்னலின் பொதுவான ஹெச்ஐடி டிரைவர் அதைத் தொடவே தொடாது. அடுத்து ரூட் (நிர்வாகி) உரிமையோடு, சாதனம் அனுப்பும் பைட்டுகளை அப்படியே தரும் ஹிட்ரா3 கோப்பை, அவற்றை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ்டம்ப்பில் திறந்து வைத்துக்கொண்டு, மிதிகளை ஒவ்வொன்றாக மிதித்துப் பாருங்கள்.

கேட்டவர்

கிளாஸ் 3 என்றே இருக்கிறது. இடது மிதிக்கு 01, நடு மிதிக்கு 02, வலது மிதிக்கு 04 என்று பைட்டுகள் வருகின்றன. காலை எடுத்ததும் 00 வருகிறது. இடதையும் நடுவையும் ஒன்றாக மிதித்தால் 03.

பதில் 2

அப்படியானால் பெடலில் பழுதில்லை. ஹெச்ஐடி சாதனம் ஒவ்வொன்றும் தான் அனுப்பும் பிட்டுகளின் பொருளை ரிப்போர்ட் டிஸ்கிரிப்டர் என்ற விவரணையில் கெர்னலுக்குச் சொல்கிறது. அந்த விவரணையின் மேல்நிலைத் தொகுப்பு விசைப்பலகை, மவுஸ், ஜாய்ஸ்டிக் போன்ற தெரிந்த வகைகளில் ஒன்றாக இல்லாவிட்டால், உள்ளே ஒழுங்கான பொத்தான்களே இருந்தாலும், கெர்னல் அதற்கு உள்ளீட்டுச் சாதனம் உருவாக்காமல் ஹிட்ராவோடு நிறுத்திக்கொள்ளும். உங்களுக்கு நேர்ந்திருப்பதும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கெர்னலின் தொடக்க வரியில் 'யூஎஸ்பிஹிட்.குவர்க்ஸ்' என்ற அளபுருவைச் சேர்த்து, அதற்கு விற்பனையாளர் எண், பொருள் எண், 80 என்ற மூன்றையும் முக்காற்புள்ளியால் பிரித்து, மூன்றின் முன்பும் பதினாறடிமான முன்னொட்டை (0x) இட்டுக் கொடுங்கள். பதினாறடிமான 80 என்பது 'உள்ளீடாகவே கொள்' என்று கட்டாயப்படுத்தும் குறி. சில பெடல்களுக்கு இதே குறி கெர்னலிலேயே முன்கூட்டி எழுதப்பட்டிருக்கிறது. உங்களுடையது அந்தப் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். ஒரு எச்சரிக்கை: மிதிகள் விவரணையில் பொத்தான் பக்கம் எனப்படும் பொது வகைப்பிரிவில் இல்லாமல் தயாரிப்பாளரின் சொந்தப் பக்கத்தில் இருந்தால் இது பலிக்காமல் போகலாம். அப்போது ஹிட்ராவைப் படித்து, நிரலே உள்ளீட்டுச் சாதனம் போல் நடக்க உதவும் யூஇன்புட் வழியாக விசைகளை அனுப்பும் சிறு நிரல் எழுத வேண்டியிருக்கும்.

கேட்டவர்

பலித்தது. ஈவிடெஸ்ட் இப்போது பிடிஎன்_0, பிடிஎன்_1, பிடிஎன்_2 என்று காட்டுகிறது. ஆனால் டெஸ்க்டாப்பின் குறுக்குவிசை அமைப்பில் எந்த மிதியும் பதிவாகவில்லை.

பதில் 3

பதிவாகாது. பிடிஎன்_0 இன் எண் 256. டெஸ்க்டாப்பின் திரையையும் உள்ளீட்டையும் கையாளும் எக்ஸ் அமைப்பு அதனோடு 8 சேர்த்துக் கொள்வதோடு, 255க்கு மேற்பட்ட விசை எண்களை ஏற்பதுமில்லை. எனவே மிதிகளை எஃப்13, எஃப்14, எஃப்15 விசைகளாக மாற்றிவிடுங்கள். சாதாரண விசைப்பலகைகளில் இவை இல்லாததால் மோதல் வராது. சாதனங்களை நிர்வகிக்கும் யூடெவ்வின் ஹெச்டபிள்யூடிபி (வன்பொருள் தரவுத்தளம்) அடைவில் ஒரு கோப்பு உருவாக்கி, முதல் வரியில் சாதனத்தின் எண்களையும், அடுத்த வரிகளில் மூன்று மிதிகளைக் குறிக்கும் 90001, 90002, 90003 ஆகிய ஸ்கேன் குறியீடுகளுக்குரிய விசைகளையும் எழுதுங்கள். இந்த அடுத்த வரிகள் ஒவ்வொன்றும் ஓர் இடைவெளியுடன் தொடங்க வேண்டும். பிறகு ஹெச்டபிள்யூடிபியைப் புதுப்பித்து, யூடெவ் விதிகளை மீண்டும் ஓட்டும் யூடெவ்அட்மின் டிரிகர் கட்டளையை இயக்குங்கள்.

கேட்டவர்

முதல் வரியில் பதினாறடிமான எழுத்துகளை எல்எஸ்யூஎஸ்பி காட்டியபடியே சிறிய எழுத்தில் எழுதியிருந்தேன். பிழைச் செய்தி ஏதும் வராமலே ஒரு மாலைப்பொழுது வீணாயிற்று. பெரிய எழுத்துக்கு மாற்றியதும் மிதிகள் வேலை செய்கின்றன. எஃப்13 என்பது குறுக்குவிசை அமைப்பில் 'டூல்ஸ்' என்று தெரிவதுதான் வேடிக்கை. இன்னும் ஒரு சிக்கல்: பெடலைப் பிடுங்கிச் செருகினால், டிரிகரை மீண்டும் இயக்கும் வரை அது உயிர்பெறுவதில்லை.

பதில் 3

சாதனத்தை வகைப்படுத்தும் விதி, விசைகளை மாற்றும் விதிக்கு முன்பே ஓடிவிடுகிறது. அந்த நேரத்தில் பெடலிடம் பிடிஎன் பொத்தான்கள் மட்டுமே இருப்பதால் விசை உள்ள சாதனம் என்ற முத்திரை அதற்குக் கிடைப்பதில்லை. இரண்டாம் முறை டிரிகர் செய்யும்போது எஃப் விசைகள் ஏற்கெனவே இருப்பதால் கிடைத்துவிடுகிறது. 61 இல் தொடங்கும் பெயரில் ஒரு யூடெவ் விதிக் கோப்பு எழுதி, இந்தச் சாதனத்துக்கு மட்டும் ஐடி_இன்புட், ஐடி_இன்புட்_கீ என்ற முத்திரைகள் இரண்டையும் 1 என்று நீங்களே அமைத்துவிடுங்கள்.

கேட்டவர்

செய்தேன். மூன்று முறை பிடுங்கிச் செருகியும், கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்தும் பார்த்தேன். இப்போது இடது மிதி ஒலியை ஐந்து விநாடி பின்னே கொண்டுபோகிறது.