அக்கா மகன் எதற்கெடுத்தாலும் வெடிக்கிறான், இது மாறுமா?

நீலவானம்:
அக்கா மகனுக்கு 14 வயது. குடித்துவிட்டு வந்து அடிக்கிற அப்பா, எந்நேரமும் பயந்துகொண்டே இருந்த அம்மா என்று வளர்ந்தவன், இப்போது எங்களோடு இருக்கிறான். "ஏன் லேட்?" என்று கேட்டாலே கதவை எட்டி உதைக்கிறான். பள்ளியில் அடிதடி என்று அடிக்கடி கூப்பிட்டு அனுப்புகிறார்கள். போன வாரம் தலையணை உறைக்குள் பிஸ்கட் பாக்கெட்டுகளை ஒளித்து வைத்திருந்ததைப் பார்த்தேன், இத்தனைக்கும் இங்கே யாரும் அவனுக்குச் சாப்பாட்டில் குறை வைத்ததில்லை. நாலு போட்டால் அடங்குவான் என்கிறார் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்பனைப் போலவே ஆகிவிடுவானோ என்ற பயமும் இருக்கிறது.

மரநிழல்:
அடிக்க மட்டும் விடாதீர்கள் சகோதரி. குழந்தைகள் இல்லத்தில் கவுன்சிலராக இருக்கிறேன், இந்தப் பிஸ்கட் விஷயத்தை அங்கே அடிக்கடி பார்க்கிறோம். வருஷக்கணக்கில் அடிக்குப் பயந்து வளர்ந்த பிள்ளையின் மூளை ஆபத்தைத் தேடிக்கொண்டே இருக்கப் பழகிவிடுகிறது. பயத்தைக் கிளப்பும் அமிக்டலா என்ற மூளைப்பகுதி சட்டென்று எகிறுகிறது, அதை அடக்க வேண்டிய மூளையின் முன்பகுதியோ இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கும். நீங்கள் சாதாரணமாகக் கேட்கிற கேள்வி அவன் காதில் அடுத்து விழப்போகும் அடியாகத்தான் கேட்கிறது, அங்கே இன்னொரு அடி விழுந்தால் அவன் பயந்தது சரிதான் என்று ஆகிவிடும்.

அப்பனைப் போல ஆவான் என்பது விதி இல்லை. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எமி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, வீட்டுச் சண்டை, பெற்றோரின் குடி என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகவே தலையெடுத்தார்கள். பதின்பருவத்தில் தடம் புரண்டவர்களிலும் பலர் முப்பதுகளில் நிமிர்ந்துவிட்டார்கள். அப்படி மீண்டவர்களுக்குப் பெரும்பாலும் கைவிடாத பெரியவர் ஒருவராவது இருந்தார், அது பெற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

பழையபேருந்து:
நான் வளர்ந்ததும் அப்படி ஒரு வீட்டில்தான். வாசலில் பைக் நிற்கிற சத்தத்தை வைத்தே அப்பா எந்த நிலையில் வருகிறார் என்று கண்டுபிடித்துவிடுவேன், அதற்குள் தம்பியை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவேன். பள்ளியில் யாராவது பின்னாலிருந்து தோளைத் தொட்டால் கை தானாக ஓங்கும். ரவுடி என்று பெயர் வைத்தார்கள். என் விளையாட்டு ஆசிரியர் மட்டும் ஒருநாளும் "ஏன்டா இப்படி இருக்கே" என்று கேட்டதில்லை, சண்டை போட்ட மறுநாளும் சாவியைக் கையில் கொடுத்து பந்துகளை எடுத்துவரச் சொல்வார். அக்கா, அந்தப் பிஸ்கட்டை எடுத்துவிடாதீர்கள். அவனுக்கென்று ஒரு டப்பா கொடுத்து, காலியானால் நிரப்பி வையுங்கள், எதுவும் கேட்க வேண்டாம்.

தெருவிளக்கு:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் பாவம் பிள்ளை என்று எல்லாவற்றையும் விட்டுவிடவும் கூடாது. கதவை உடைத்தால், கோபம் தணிந்த பிறகு உங்கள் கணவரோடு சேர்ந்து அவனே சரிசெய்யட்டும். சாப்பாடு, தூக்கம், வீடு திரும்பும் நேரம் எல்லாம் தினமும் ஒரே மாதிரி இருந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று அவனுக்கே தெரியும், அந்த நிச்சயம்தான் அவனுக்கு இதுவரை கிடைக்காதது.

கூடவே சிகிச்சையும் வேண்டும். இத்தகைய பாதிப்புக்கென்றே சிந்தனை, நடத்தை சார்ந்த பேச்சுச் சிகிச்சை இருக்கிறது, பொதுவாக 12 முதல் 16 அமர்வுகள், வளர்ப்பவர்களும் அதில் பங்கெடுப்பார்கள். ஆகவே கணவரையும் அழைத்துப் போங்கள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாலோ சாவைப் பற்றிப் பேசினாலோ இந்தச் சிகிச்சை தொடங்கும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.