பக்கத்துப் பண்ணைக் காதல்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

போஸ்மன், மொண்டானா

சரி, நானே ஆரம்பிக்கிறேன். 2021 கோடையில் அமெரிக்காவில் மொண்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். வாய்க்கால்களில் தண்ணீர் அளப்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை. டில்லன் என்ற ஊரிலிருந்து ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினால் ஒரு சிற்றாறு. அதில் மேலே ஒரு மாட்டுப் பண்ணை, கீழே ஒன்று. மேலே இருப்பவனுக்கு நாற்பது வயதிருக்கும், விவாகரத்தானவன். கீழே இருப்பவள் அப்பா போன பிறகு டென்வர் வேலையை விட்டுவிட்டு வந்து பண்ணையைக் கையில் எடுத்தவள். இரண்டு குடும்பத்துக்கும் அப்பன் காலத்திலிருந்தே பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் வேறென்ன, தண்ணீர்தான்.

அங்கே தண்ணீர்ச் சட்டம் நம் ஊர் முறைத்தண்ணீர் மாதிரி இல்லை. ஆற்றிலிருந்து எவன் முதலில் எடுத்துப் பயன்படுத்தினானோ அவனுக்கே முதல் உரிமை. வறட்சி வந்தால் மூத்த உரிமைக்காரன் தன் பங்கை முழுசாக எடுத்த பிறகுதான் அடுத்தவனுக்கு. ஆளுக்குப் பாதி என்ற பேச்சே இல்லை. அவனுடைய கொள்ளுத்தாத்தா வாங்கிய உரிமை அவள் வீட்டு உரிமையைவிட ஒன்பது வருஷம் மூத்தது. அந்த ஒன்பது வருஷத்துக்காக இரண்டு தலைமுறை முறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறது.

அந்த வருஷம் மழை பொய்த்து, ஜூலை 1ஆம் தேதி மாநிலம் முழுக்க வறட்சி அவசர நிலை அறிவித்துவிட்டார் ஆளுநர். சட்டப்படி பார்த்தால் அவளுடைய குதிரைமசால் இரண்டாம் அறுப்புக்கு வராமலே கருக வேண்டியது.

அவனுடைய வாய்க்காலில் பார்ஷல் தொட்டி ஒன்று உண்டு. நடுவில் இடுங்கிய ஒரு தகரத் தொட்டி, பக்கச்சுவரில் அளவுகோல். மட்டத்தைப் படித்து அட்டவணையில் பார்த்தால் விநாடிக்கு எத்தனை கன அடி ஓடுகிறது என்று தெரிந்துவிடும். பண்ணைக்காரர்கள் கன அடி என்று சொல்ல மாட்டார்கள். சுரங்கக்காரர் காலத்து 'இஞ்ச்' கணக்குதான். மொண்டானாவில் 40 இஞ்ச் சேர்ந்தால் விநாடிக்கு ஒரு கன அடி. அவனுக்கு உரிமை 120 இஞ்ச். ஜூலை இரண்டாம் வாரம் போய்ப் பார்த்தால் எழுபதுகூட ஓடவில்லை. பாசி அடைத்திருக்கும் என்று நினைத்து இறங்கிச் சுரண்டினேன். மாறவில்லை. ஆற்றங்கரைக்குப் போனால், மதகே நான்கு விரல் அளவுக்குத்தான் தூக்கியிருந்தது. கீழே அவளுடைய வாய்க்காலில் தண்ணீர் தாராளமாகப் போய்க்கொண்டிருந்தது.

அவனிடம் கேட்டேன். மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு, "எனக்கு இவ்வளவு போதும்" என்றான். நான் தேனிப் பக்கத்து விவசாயி வீட்டுப் பெண். அவன் வயலின் ஓரமெல்லாம் மஞ்சள் தட்டியிருந்தது எனக்குத் தெரியாதா?

அங்கே வாய்க்காலை மறித்து வயலுக்குத் தண்ணீர் திருப்ப, ஒரு நீளக் கட்டையில் படுதாவைக் கட்டிப் போடுவார்கள். அவனுடையது கிழிந்து, வாரக்கணக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது. அடுத்த முறை போனபோது அதே படுதா வேலிக்கம்பத்தில் சுருட்டி வைத்திருந்தது. கிழிசலுக்கு ஒட்டுப்போட்டு, கூடாரம் தைக்கும் தடிநூலால் சின்னச் சின்னத் தையல், ஓரமெல்லாம் இரண்டு மடிப்பு. அவன் அதை விரித்துப் பார்த்துவிட்டு, "அவங்கம்மா தையல் மாதிரியே இருக்கு" என்றான். பேச்சு நின்றுபோவதற்கு முன்னால் அந்த வீட்டில் அவன் சாப்பிட்டு வளர்ந்திருக்க வேண்டும். மேற்கொண்டு நானும் கேட்கவில்லை.

என் அளவுப் புத்தகத்தில் 'குறைவுக்கான காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. 'உரிமையாளர் தாமாகக் குறைத்துக்கொண்டார்' என்று எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் அதைச் சுழித்துக் கேள்விக்குறி போட்டார்.

நெப்ராஸ்கா

வாய்க்கால் கதை எழுதிய தங்கச்சி, நன்றாக இருந்தது. என் வீட்டுக்காரர் டாக்டர். பயிற்சிக்கு வரும் டாக்டர்களுக்குக் கொடுக்கும் ஜே-1 விசா முடிந்தால் ஊர் திரும்ப வேண்டும் என்ற விதியிலிருந்து விலக்கு வேண்டுமானால், டாக்டர் பற்றாக்குறை உள்ள ஊரில் மூன்று வருஷம் வேலை பார்க்க வேண்டும். அப்படித்தான் மணற்குன்றுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோம். இங்குள்ள செர்ரி கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது. மொத்த ஜனம் ஆறாயிரம்கூட இல்லை. அதன் தலைமையூர் பெயர் வாலன்டைன். காதலர் தின அட்டைகளுக்கு அந்த ஊர் முத்திரை வேண்டுமென்று எங்கெங்கிருந்தோ அனுப்பிவைக்கிறார்கள்.

நான் பார்த்த காதலுக்கு அட்டையெல்லாம் கிடையாது. இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயது, இருவருமே துணையை இழந்தவர்கள். மார்ச் மாதம், கன்று ஈனும் காலம், வெளியே பனிக்காற்று. அந்த அம்மா வீட்டில் நாங்கள் சாப்பிடப் போயிருந்தோம். அன்று மாலைதான் அவருடைய பசு ஒன்றுக்குக் கன்று செத்துப் பிறந்திருந்தது. அவர் பக்கத்துப் பண்ணைக்குப் போன் போட்டு ஒரே வரிதான் சொன்னார். முக்கால் மணி நேரத்தில் அந்தப் பெரியவர் வந்தார். அவருடைய பசு ஈன்றதும் இறந்துவிட்டதாம். தாயில்லாக் கன்றைப் பிக்கப் வண்டியில் முன்சீட்டுக்குக் கீழே, ஹீட்டர் காற்று படுகிற இடத்தில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தார்.

கொட்டகையில் நடந்ததை நான் மறக்க மாட்டேன். செத்த கன்றின் தோலை உரித்து, கால் நுழைய ஓட்டை போட்டு, சட்டை மாதிரி அந்த அநாதைக் கன்றுக்கு மாட்டிச் சணலால் கட்டினார்கள். அவர் பிடிக்க, அந்த அம்மா முடிச்சுப் போட, இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பசு மோந்தது, தள்ளியது, மறுபடி வால்பக்கம் மோந்தது. அப்புறம் நக்க ஆரம்பித்துவிட்டது. கன்று மடியைத் தேடிப் பிடித்ததும் அந்த அம்மா அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார், அவ்வளவுதான். நம் ஊரில் வைக்கோல் கன்றைக் காட்டிப் பால் கறப்பார்கள் இல்லையா, பாட்டி வீட்டில் அதைப் பார்த்தவள் நான். அதனால் எனக்கு அருவருப்பு வரவில்லை. என் வீட்டுக்காரர்தான், டாக்டராக இருந்தும், வெளியே போய் நின்றுகொண்டார்.

அடுத்த இலையுதிர்காலத்தில் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

வயோமிங்

எல்லாரும் சேர்ந்தவர்கள் கதையே எழுதுகிறீர்கள். பிரிந்தவர்கள் கதை ஒன்று. எரிவாயு வயலில் வேலை பார்த்தபோது நான் வாடகைக்கு இருந்தது ஒரு பண்ணையின் பழைய வீட்டில். பண்ணைக்காரனும் பக்கத்துப் பண்ணைப் பெண்ணும் இரண்டு வருஷம் பழகிப் பிரிந்துவிட்டார்கள். ஊரென்றால் தெருவை மாற்றிப் போகலாம். இங்கே பொதுவேலி நாலு மைல். வேலியின் நடுவில் எதிரெதிரே நின்றால் அவரவர் வலக்கைப் பக்கம் அவரவர் செப்பனிட வேண்டும், இதுதான் வழக்கம். வருஷா வருஷம் பனி உருகியதும் கம்பி இழுத்துக் கட்ட ஒரே நடுக்கம்பத்திலிருந்து இருவரும் கிளம்பி ஆளுக்கொரு பக்கம் போவார்கள். அவன் ஒரு வசந்தத்தில் கிளம்பும் முன் மூன்று முறை சட்டை மாற்றினான். முள்கம்பி கட்டப் போகிறவனுக்கு இஸ்திரி போட்ட சட்டை எதற்கு என்று நான் கேட்கவில்லை.

போஸ்மன், மொண்டானா

வயோமிங் அண்ணா, பாவம் அந்த ஆள். அப்புறம் ரெண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள்: ஆமாம், என் வாய்க்கால் கதை இருவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. போன வருஷம் சூடு போடும் நாளுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கன்றுகளுக்கு எந்த வீட்டு முத்திரை என்று சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அவரவர் பசுவின் கன்றுக்கு அவரவர் முத்திரை என்று முடித்துவிட்டார்கள். தண்ணீர் உரிமையும் இன்னும் தனித்தனிப் பெயரில்தான் இருக்கிறது, வக்கீல் மாற்ற வேண்டாம் என்றாராம். காலையில் காப்பி ஊற்றும்போது அவன் கோப்பையை முதலில் நிரப்பிவிட்டு, "மூத்த உரிமைக்காரர் எடுத்துக்கலாம்" என்கிறாள். அவன் பாதியை அவள் கோப்பையில் ஊற்றுகிறான்.