புதுப்பிப்பு: ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்று கேட்டிருந்தேனே

வேலை போய், அப்பாவும் படுத்த படுக்கையான நேரத்தில், ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை, என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது அப்பா எழுந்து உட்காருகிறார். வேலை இன்னும் கிடைக்கவில்லை.

சங்கீதம் 88-ஐப் படிக்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்கோ துதிக்கோ திரும்பிவிடும். இது இருளிலேயே முடிகிறது. இப்படிப்பட்ட ஜெபத்துக்கும் வேதத்தில் இடம் இருக்கிறதே என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். சொந்தமாக எதுவும் வராத நாளில் அதையே வாய்விட்டு வாசிக்கிறேன்.

தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்கிற ரோமர் 8:28-ஐ நிறையப் பேர் அனுப்பியிருந்தீர்கள். உண்மையைச் சொன்னால், என்னைத் தாங்கியது அதற்கு இரண்டு வசனம் முன்னால் இருப்பது: என்ன வேண்டிக்கொள்வது என்று நமக்குத் தெரியாதபோது, ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்பது.

அப்புறம் எலியா தீர்க்கதரிசி, 1 இராஜாக்கள் 19. சூரைச்செடியின் கீழ் 'போதும்' என்று சாவைக் கேட்டவருக்கு தேவதூதன் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். மறுபடி தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். தேவன் அவரோடு பேசிய ஓரேப் மலைக்குப் போவதெல்லாம் அதற்குப் பிறகுதான். நானும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறேன். மனநல ஆலோசகரையும் பார்க்கிறேன். இது விசுவாசக் குறைவு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், சரி, இருக்கட்டும்.

அடுத்த வாரம் ஒரு நேர்காணல் இருக்கிறது. ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள், முடிவு தெரிந்ததும் எழுதுகிறேன்.