ஆப்பிள் நத்தையின் சுவாசம்: வெப்பம் கூடும்போது அளவு குறைந்தது ஏன்?

கேள்வி: விலங்கியல் மாணவி, தோவாளை

எங்கள் வயலையொட்டிய வாய்க்காலில் எடுத்த ஆப்பிள் நத்தைகளை 24, 28, 32 டிகிரி செல்சியஸ் நீருள்ள திறந்த கண்ணாடித் தொட்டிகளில் விட்டு, நீரில் கரைந்த ஆக்சிஜனை ஒரு மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் வின்க்லர் என்ற வேதிமுறையில் அளந்தேன். வெப்பம் கூடினால் சுவாசமும் கூடும் என்று படித்திருந்தும், 32 டிகிரியில்தான் ஆக்சிஜன் மிகக் குறைவாகச் செலவாகியிருந்தது. ஆனால் நத்தைகள் அந்தத் தொட்டியில்தான் அதிகமாக ஊர்ந்தன. எங்கே பிழை?

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

நத்தைகள் எங்கே ஊர்ந்தன என்று கவனித்தீர்களா, அம்மா? ஆப்பிள் நத்தைக்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. அது கண்ணாடியில் ஏறி நீர்மட்டத்தை அடைந்ததும், இடப்பக்கத் தோல்மடலைக் குழாய்போலச் சுருட்டி மேலே நீட்டி, உடலை முன்னும் பின்னும் இழுத்துக் காற்றை உள்வாங்கும். வெதுவெதுப்பான நீரில் கரைந்த ஆக்சிஜன் குறைவாகவும் தேவை மிகுதியாகவும் இருப்பதால் இந்தப் பயணம் கூடும்; காற்றிலிருந்து எடுத்த பங்கு உங்கள் கணக்கில் வராது. செவுளால் மட்டும் சுவாசிக்கும் நத்தை வகை ஒன்றைக் கொண்டு செய்தால் இந்தக் குழப்பம் இராது. சுசீந்திரம் தேரூர்ப் பகுதியில் மட்டும் பிடிக்க வேண்டாம். அது 2022 முதல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், உள்ள ஈரநிலம், அங்குள்ள நத்தைகளை நத்தைக்குத்தி நாரைக்கே விட்டுவிடுவோம்.

மறுமொழி: நீர்ப்பரிசோதனை ஆய்வக ஊழியர், தக்கலை

திறந்த தொட்டியில் காற்றிலிருந்தும் ஆக்சிஜன் நீரில் கலந்துகொண்டே இருக்கும். அகன்ற வாயுள்ள ஊறுகாய் ஜாடியை நீருக்குள்ளேயே மூழ்கடித்து, குமிழி ஒன்றுகூட நிற்காதபடி மூட வேண்டும். நத்தை இல்லாத ஜாடி ஒன்றையும் அதே வெப்பத்தில் வைத்து, அதில் குறைந்ததைக் கழிக்க வேண்டும். நன்னீர் 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9.1 மில்லிகிராமும் 30 டிகிரியில் 7.6 மில்லிகிராமும் ஆக்சிஜன் கொள்ளும் என்பதால், தொடக்க அளவை ஒவ்வொரு ஜாடிக்கும் தனியாக எடுங்கள். நத்தையை ஈரம் ஒற்றி எடைபோட்டு, கிராமுக்கு எவ்வளவு என்று வகுத்தால்தான் ஒப்பிட முடியும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

ஒன்றை விட்டுவிட்டேன். நத்தையை நேராக வெதுவெதுப்பான நீரில் போட்டால் தன் ஓட்டின் வாயிலுள்ள மூடியை இறுக அடைத்துக்கொண்டு கிடக்கும். ஓரிரு நாள் அந்த வெப்பத்தில் பழக்கிய பின்பே அளக்க வேண்டும். ஊர்தலை வேறு நேரத்தில், தொட்டிக்கு அடியில் வரைபடத் தாள் ஒட்டி, நிமிடத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று குறியுங்கள்.

மாணவி: நன்றி ஐயா. 32 டிகிரித் தொட்டியில் இரண்டு நத்தைகள் விளிம்பிலேயே ஒட்டியிருந்தன என்று என் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். அதை முக்கியமாக நினைக்கவில்லை. மூடிய ஜாடியில் மீண்டும் தொடங்குகிறேன்.